இருபத்தேழு குடும்பங்களின் மனு

பாளையம்பட்டி
செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் தம்பி பிரின்ஸும் சுகம். நீங்களும் மதினியும் ஈவாவும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் உங்கள் போனை எல்லோரும் எடுப்பார்கள், பிரின்ஸ் சீக்கு விஷயத்தை அலுவலக விலாசத்துக்குக் கடிதமாக எழுது என்று ஐந்து வருடத்துக்கு முன் சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

இன்று செவ்வாய், டாக்டர் வரும் நாள். பிரின்ஸை அருப்புக்கோட்டை நரம்புநோய் சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனேன். டவுன் பஸ்ஸில் ஏறும்போது அவன் கை கால் ஆடியதைப் பார்த்துவிட்டு, "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டீகளா, எறங்குங்க" என்றார் கண்டக்டர். பிரின்ஸ் சும்மா இருக்கவில்லை. "ஊத்தியிருந்தா நேரா நடந்திருப்பேன் அண்ணாச்சி" என்றான். பஸ்ஸே சிரித்தது. மையத்தில் கொடுத்த அட்டையைக் காட்டினேன். கண்டக்டர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தார்.

அந்த மையம் வந்திராவிட்டால் இதற்கு ஹன்டிங்டன் நோய் என்று ஒரு பெயர் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அப்பாவையும் குடிகாரர் என்றே புதைத்திருந்தோம். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். பிரின்ஸுக்கு வந்துவிட்டது. என் ரத்தத்தில் இல்லை. நீங்கள் சோதித்துக்கொள்ளவில்லை. கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை.

இப்போது எழுதும் காரணம் வேறு. இந்த மையமும், மாநிலத்தில் இன்னும் இரண்டு மையங்களும் ஐந்து வருடத்துக்கு என்று சட்டம் போட்டுத் தொடங்கியவை. மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. நீட்டிக்கச் சட்டசபையில் மசோதா வர வேண்டும். எந்த ஊருக்குத் தேவை என்று முதலில் ஒரு குழு பார்க்குமாம். டிசம்பர் முடிவதற்குள் நோயாளிகளின் குடும்பங்கள் அந்தக் குழுவுக்கு ஒரு எம்.எல்.ஏ. வழியாக மனுக் கொடுக்க வேண்டும் என்று மையத்து டாக்டர் சௌந்தரம் சொன்னார். நீங்கள் வேலை பார்க்கும் எம்.எல்.ஏ. அந்தக் குழுவில்தான் இருக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தீர்கள்.

பிரின்ஸுக்கு இந்த வருடத்தில் இரண்டு தடவை புரையேறி மூச்சு நின்றது. எப்படி விழுங்குவது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்று அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மையம் மூடினால் எனக்குப் போக வேறு இடம் தெரியவில்லை. மனுவை எடுத்துக் கொடுப்பீர்களா?

உங்கள் தங்கை
பிலோமி


சென்னை
செப்டம்பர் 24

அன்புத் தங்கை பிலோமிக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு எல்லோரும் சுகம். மதினிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

மனுவை நானே கொடுக்கிறேன். டாக்டர் வழியாகவோ கம்ப்யூட்டர் வழியாகவோ அனுப்ப வேண்டாம். அசல் மட்டும் என் பெயருக்குப் பதிவுத் தபாலில் வரட்டும். முறையாக எழுதியிருக்க வேண்டும்: நோயாளியின் பெயர், விலாசம், நோய், ரத்த உறவில் யார் யார் என்ற விவரம். பெயர் மறைத்த மனுவைக் குழு எடுத்துக்கொள்ளாது.

ஈவாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அப்பா எனக்கு வேலை வழியில் பழக்கம். வேண்டிக்கொள்.

பிரின்ஸுக்கு இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன். பட்டன் இல்லாமல் தலை வழியே போடும் மாதிரி.

அண்ணன்
ஜான்ராஜ்


பாளையம்பட்டி
அக்டோபர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கு சுகம். மழை பெய்து திருச்சுழிப் பக்கம் கரிசல் காலில் ஒட்டுகிறது. தையல் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு நான்கு வாரம் அலைந்தேன். இருபத்தேழு குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

சும்மா போடவில்லை. திருச்சுழியைத் தாண்டி ஒரு ஊரில் சங்கையா என்று ஒருவர். அவர் மனைவிக்கு நடுக்குவாதம். மனுவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"ரெண்டு பொட்டப்பிள்ளை கரையேறாம நிக்கிது தாயி. வீட்டுச் சீக்கைப் பேரெழுதி சட்டசபைக்கு அனுப்பச் சொல்றீக. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வாசிச்சான்னா?"

கட்டிலில் கிடந்த அந்த அம்மா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "வாரவன் என்னையவே பாத்துருவான். காகிதத்தையா தேடப் போறான்."

சங்கையா சிரிக்கவில்லை. "யாரு கைக்குப் போகுது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் கைக்கு."

"கூடப் பொறந்தவுகளா, சித்தப்பா பெரியப்பா வழியா?"

"கூடப் பொறந்தவுக."

அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

மல்லாங்கிணற்றில் மாரீஸ்வரி. அவள் வீட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு வயதில் ஞாபகம் போய்விட்டது. காலையில் எழுந்ததும், "நீங்க யாரு வீட்டுப் பொம்பளை?" என்று இவளிடமே கேட்கிறாராம். "உங்க வீட்டுப் பொம்பளைதான்னா, அப்படியா, நல்லா இருக்கீகன்னு சொல்றாருக்கா. கட்டுன நாள்ல இருந்து இதைச் சொன்னதில்ல" என்றாள். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். ஜெராக்ஸ் எடுக்கக்கூடாது, போனில் படம் பிடிக்கக்கூடாது. "ஒரு தாளு ஊருக்குள்ள நின்னாலும் என் மாமியா என்னை இருக்கவிட மாட்டாக." சத்தியம் செய்து கொடுத்தேன். அது பரவி, மற்ற வீடுகளிலும் அதே சத்தியம் கேட்டார்கள். இருபத்தேழு பேருக்கும் செய்தேன். ஆகவே நகல் இல்லை. டாக்டர் சௌந்தரம் நகல் கேட்டார், அவரிடமும் இல்லை என்றேன்.

யாரும் முதலில் எழுதத் தயங்கியதால் முதல் தாளில் நம் வீட்டை எழுதிக் காட்டினேன். பிரின்ஸ், ஹன்டிங்டன் நோய். தந்தை அருளப்பன், அதே நோயில் இறந்தவர். அண்ணன் ஜான்ராஜ், சென்னை. அண்ணன் மகள் ஈவா. அதைக் காட்டித்தான் மற்றவர்களைக் கேட்டேன்.

மனு முழுவதையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

பிலோமி


சென்னை
நவம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

நலம். மனு வந்து சேர்ந்தது. கவலைப்படாதே, பத்திரமாக இருக்கிறது.

ஈவாவின் வரன் முடிவாகிவிட்டது. டிசம்பர் 8 நிச்சயதார்த்தம், இங்கேயே மண்டபத்தில். நீ வந்தால் சந்தோஷம். பிரின்ஸுக்கு அவ்வளவு தூரப் பயணம் ஒத்துக்கொள்ளாது. அவனைத் தனியே விட்டு வருவதும் உனக்குக் கஷ்டம். யோசித்துச் செய்.

அண்ணன்
ஜான்ராஜ்


பாளையம்பட்டி
டிசம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது என்று மதினி போனில் சொன்னார்கள். படங்கள் பார்த்தேன். ஈவா அம்மாவைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். பிரின்ஸ் போனைப் பிடிக்க முடியாமல் மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தான். "சித்தப்பாவைக் கேட்டாளா?" என்றான். கேட்டாள் என்று சொன்னேன்.

மனுவைக் கொடுத்தால் குழு அலுவலகத்தில் ஒரு எண் போட்டுத் தருவார்களாம். டாக்டர் கேட்கிறார். டிசம்பர் 31 கடைசி நாள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கையா இரண்டு தடவை மையத்துக்கு வந்து, "நம்பரு வந்துருச்சா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார். எண்ணை மட்டும் எழுதுங்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

பிலோமி


பாளையம்பட்டி
ஜனவரி 9

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமா? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று போனில் பேசியபோது பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றீர்கள். பிறகு கூப்பிடவில்லை. அந்த எண்ணை எழுதுங்கள்.

பிலோமி


சென்னை
ஜனவரி 25

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை. மசோதா வரும் கூட்டத்தொடரில் வருகிறது என்கிறார்கள். நல்லது நடக்கும் என்று நம்புவோம்.

ஈவா திருமணம் ஈஸ்டர் கழித்து ஏப்ரல் 28. இங்கே கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசிப்பதோடு, சொந்த ஊர்ப் பங்குக் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்துச் சான்று வாங்கித் தர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். மார்ச் 2, 9, 16 என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவரோ, மாப்பிள்ளை வீட்டார் யாராவதோ பிரின்ஸைப் பற்றிக் கேட்டால், வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது என்று சொல். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஈவாவின் வாழ்க்கை இது. உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்ணன்
ஜான்ராஜ்


பாளையம்பட்டி
பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நேரே கேட்கிறேன்.

டாக்டர் சௌந்தரம் சென்ற வாரம் சென்னைக்குப் போய்க் குழுவின் அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று மையங்களில் இரண்டை நீட்டிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்களாம். அருப்புக்கோட்டைக்கு ஒரே ஒரு வரி: "இம்மையத்தைத் தொடரக் கோரி நோயாளிகளின் குடும்பங்களிடமிருந்து மனு ஏதும் வரவில்லை." மற்ற இரண்டு ஊர்க்காரர்களின் மனுக்கள் எண்ணும் தேதியும் போட்டு அச்சில் இருக்கின்றன. வெளியே ஒட்டிய மனுப் பட்டியலை டாக்டர் மூன்று தடவை படித்திருக்கிறார்.

என்னிடம் அவர் கோபப்படவில்லை. "அனுப்புனீகளாம்மா?" என்று மட்டும் கேட்டார். அனுப்பினேன் என்றேன். தபால் ரசீதைக் காட்டினேன். "வாங்கிக்கிட்டது யாரு?" என்றார். சொன்னேன்.

நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிட்டேன் என்று எங்கேயும் எழுதவில்லை.

மனு எங்கே?

பிலோமி


சென்னை
பிப்ரவரி 24

பிலோமிக்கு,

என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பிரித்த உறையோடு அப்படியே இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

கொடுக்கத்தான் வாங்கினேன், இதை நீ நம்ப வேண்டும். உறையைப் பிரித்தால் முதல் தாளிலேயே பிரின்ஸ், அப்பா, நான், ஈவா. குழுவின் அலுவலகத்தில் மனுக்களை வாங்கிப் பதிவுசெய்யும் மேஜையில் இருப்பவர் மாப்பிள்ளையின் அப்பா. வேலை வழியில் பழக்கம் என்று எழுதினேனே, அது இதுதான். நான் நீட்டினால் அவர் கையில்தான் நீட்ட வேண்டும். முதல் தாளை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கீழே வரிசை எண்ணும் மொத்தமும் எழுதியிருந்தாய், ஒன்று குறைந்தால் தெரிந்துவிடும். நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று தள்ளினேன். அதற்குள் தேதி போய்விட்டது.

நீ மட்டும் போய்ச் சோதித்துக்கொண்டாய். எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு இல்லையென்றால் ஈவாவுக்கும் இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஈவாவுக்கு இதுவரை எதுவும் தெரியாது.

வரும் ஞாயிறு முதல் ஓலை. கோயிலில் எழுந்து எதுவும் பேசிவிடாதே. அதை மட்டும் கேட்கிறேன்.

ஜான்ராஜ்


பாளையம்பட்டி
மார்ச் 6

அண்ணனுக்கு,

இனி அலுவலக விலாசத்துக்கு எழுத மாட்டேன். இது வீட்டுக்கே வருகிறது.

ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசித்தபோது நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. இனி வரும் இரண்டு ஞாயிறும் பேச மாட்டேன். சீக்கு ஒரு தடை என்று நான் நினைக்கவில்லை. மறைப்பதைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஈவாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். மூன்றாவது ஓலைக்கு முன் சொல்லுங்கள்.

இருபத்தேழு வீட்டுக்கும் நடந்து போய் உண்மையைச் சொன்னேன். என் அண்ணன் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். காரணத்தைச் சொல்லாவிட்டால் மனுவை நான் விற்றுவிட்டேன் என்று நினைப்பார்கள். மாரீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "உங்க வீட்டு மானத்துக்கு எங்க தாளைப் பூட்டி வச்சீகளாக்கும். எங்களுக்கும் அதேதானக்கா இருந்துச்சு" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. சங்கையா கடைசியில், "கூடப் பொறந்தவுகன்னு நீங்க சொன்னதாலதான் போட்டேன்" என்றார். அது வசவாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை பிரின்ஸுக்கு மறுபடி புரையேறியது. பிழைத்துக்கொண்டான்.

பிலோமி


சென்னை
மார்ச் 14

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. அனுப்புநரில் உங்கள் பெயரைப் பார்த்து, கல்யாண விஷயம் என்று நினைத்துப் பிரித்தேன். பிறகு அப்பாவிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் ஐந்து வருடமாக எழுதிய கடிதங்களை அவர் வைத்திருக்கிறார். அவற்றையும் கொடுத்தார்.

மறுநாள் அந்த மனுவை எடுத்துக்கொண்டு குழு அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு மாமனாராக வர இருந்தவர்தான் வாங்கினார். முதல் தாளை வாசித்தார். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "தேதி போயிடுச்சேம்மா, இதை இப்ப எடுக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். நான் எழுந்தபோது, "மத்தது வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றார். நான்கு நாள் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்மேல் எனக்கு என்ன கோபம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உங்கள்மேல் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்களை வரிசையாக வாசித்தேன். ஒவ்வொன்றிலும் ஈவா சுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுகூட எனக்கு எழுதவில்லை. எனக்குப் பாதிக்குப் பாதியில் பாதி வாய்ப்பு இருப்பது உங்களுக்கு ஐந்து வருடமாகத் தெரியும். இருபத்தேழு வீட்டுக்கு நடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு ஒரு போன் போதும். தாத்தா குடித்துச் செத்தார் என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன். சித்தப்பாவுக்குத் தலையில் அடி என்று என் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். கோயிலில் பேசாமல் உட்கார்ந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு ரத்தம் சோதிக்க வேண்டும். மையம் மூடுமுன் வரும் கடைசிச் செவ்வாய் 25ஆம் தேதி என்று கணக்குப் போட்டேன். எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று மட்டும் எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்.

ஈவா


பாளையம்பட்டி
மார்ச் 19

அன்புள்ள ஈவாவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அண்ணன் சொன்னதால் உனக்கு எழுதவில்லை என்று சொல்லலாம். அது போதாது என்று தெரிகிறது. சொல்லாமல் இருப்பது எனக்கும் எளிதாக இருந்தது.

நேற்று மையத்தில் கேட்டேன். புதிதாக ரத்தம் எடுப்பதைப் பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு வர ஆறு வாரம் ஆகும். அப்போது இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நான் டாக்டரிடம் கெஞ்சினேன். "எடுக்க ரெண்டு நிமிஷம்மா. வந்ததைப் பக்கத்துல உக்காந்து சொல்றதுக்கு நான் இருக்கணும்ல. தபால்ல அனுப்புற சேதியா இது" என்றார். நீட்டிப்பு மசோதா திங்களன்று நிறைவேறிவிட்டது, மற்ற இரண்டு ஊர்களுக்கு. விவாதமே இல்லையாம்.

அந்த இரண்டில் ஒன்றில் நீ சோதித்துக்கொள்ளலாம். வெளி மாவட்டத்துக்காரர்களுக்குத் தனிப் பட்டியல். எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார். அதில் பெயர் சேர்க்க, குடும்பத்தில் நோய் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். படிவத்தை வாங்கி அங்கேயே பிரின்ஸ் முன் வைத்தேன். அவன் கை நிற்கவில்லை. இரண்டு படிவம் கிழிந்தது. மூன்றாவதில் நர்ஸ் தாளைப் பிடித்துக்கொண்டார், நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

போட்டு முடித்த பிறகுதான், "யாருக்கு?" என்று கேட்டான்.

"ஈவாவுக்கு."

"அவளுக்கு இம்புட்டு நாளும் தெரியாதா?"

"தெரியாது."

"ஏன்?"

நம்ம அண்ணன்தான் மறைக்கச் சொன்னாக என்றேன். நானும் மறைத்தேன் என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். தலை ஆடுவதால் அவன் பார்ப்பது தெரிய நேரமாகும். பிறகு சொன்னான்: "என் சீக்கைத்தான மறைச்சீக. என்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

பஸ்ஸில் அவன் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

படிவம் இத்துடன் இருக்கிறது. கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இந்த மாதம் முடிவதற்குள் அந்த மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். என் வழியாக அனுப்ப வேண்டாம். நீயே நேரில் கொடுத்து, எண் வாங்கிக்கொள்.

அத்தை
பிலோமி